சாராயம் குறைந்த கோடை

ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் ஆலை ஆட்கள் வாசல் கேட்டை நோக்கி வரிசையாக வருவார்கள். கேட்டுக்கு உள்பக்கம் முக்காலி போட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். ஐம்பதைத் தொட்ட வயது, காக்கிச் சட்டை, இழுத்து முடிந்த கொண்டை. வருகிறவர்கள் முதலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பிறகு குனிந்து அவள் முகத்துக்கு நேரே ஊத வேண்டும்.

"ஊதுங்க."

"ஊதியாச்சுக்கா."

"சூடான காப்பிய ஊதுற மாதிரி ஊதாதீங்க. பலூன் ஊதுற மாதிரி ஊதுங்க."

வாயால் ஊதவைத்துக் குடியைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று ஆலையில் இருக்கத்தான் செய்தது. அது வந்த வருடமே பல்லை இளித்துவிட்டது. அதற்கப்புறம் அவள் மூக்குதான் கருவி. அந்த ஆலையில் காற்றே சாராய வாடை அடிக்கும். சட்டையில் ஏறிய வாடை எது, தொண்டைக்குள் இறங்கிய வாடை எது என்று பிரித்துச் சொல்ல அவளால்தான் முடியும். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் 'கேட் அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'மோப்பம்'. அப்படி ஒரு பெயர் இருப்பது அவளுக்கும் தெரியும். வைத்தது யார் என்றுதான் இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஆலை வடித்தது குடிக்கிற சாராயம் அல்ல. பெட்ரோலில் கலக்கிற எரிசாராயம். லாரி லாரியாக மக்காச்சோளம் உள்ளே போகும், டேங்கர் டேங்கராக எரிசாராயம் வெளியே வரும். நடுவில் நடப்பது சமையல். சோளத்தை மாவாக அரைத்து, தண்ணீர் விட்டு, குக்கர் என்கிற வீடு உயரக் கலனில் வேக வைப்பார்கள். அந்தக் கூழுக்கு ஆலையில் கஞ்சி என்று பெயர். அதில் பழுப்பு நிறத் திரவம் ஒன்றை அளந்து ஊற்றுவார்கள். புத்தகத்தில் அதன் பெயர் நொதி, சோதனை பார்க்கும் லேப்காரர்களுக்கு என்சைம், கலனடியில் நிற்கிறவர்களுக்கு மருந்து. மருந்து விழுந்ததும் கெட்டிக் கஞ்சி தளர்ந்து தண்ணீராகும், மாவு சர்க்கரையாகும். ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்த்தால் அது சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். புளித்ததைக் காய்ச்சி வடித்தால் வேலை முடிந்தது.

இதெல்லாம் அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவளுக்கு முழுதாகத் தெரிந்தது ஒன்றுதான். உள்ளே போகிற எதிலும் கலப்படம் இருக்கலாம், வெளியே போகிற எதிலும் திருட்டு இருக்கலாம்.

இந்த ஞானம் பிறந்த வீட்டுச் சீதனம். அவள் அப்பா பால்காரர். விடியற்காலையில் அவர் கேனில் தண்ணீர் ஊற்றும்போது அவள்தான் மக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "உலகத்துல தண்ணி கலக்காதது தண்ணி மட்டும்தான்டா கண்ணு" என்பார் அவர், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு யார் வீட்டுப் பாலும் வெள்ளையாகத் தெரியவில்லை. கல்யாணமானதும் ஒரு துணிக்கடையில் பெண்களைச் சோதிக்கும் வேலைக்குப் போனாள். முதலாளியின் சொந்தத் தங்கையைப் புடவைச் சுருளோடு பிடித்துக் கொடுத்தாள். பிடித்ததற்குப் பாராட்டு, பிடிபட்டது யார் என்பதற்காக வேலை நீக்கம், இரண்டும் ஒரே நாளில் கிடைத்தன. அந்தக் கதையைக் கேட்டுத்தான் ஆலை மேனேஜர் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். "கடவுளே நேர்ல வந்தாலும் நீ பையைத் தொறந்து காட்டுன்னுதான் சொல்லுவ" என்பார்.

"கையில பை எதுக்கு வெச்சிருக்காருன்னு முதல்ல கேப்பேன்" என்பாள் அவள்.

அந்த வருடம் வெயில் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மருந்து வந்த ஒரு டிரம்மில் சீல் அறுந்திருந்ததை அவள் கண்டுபிடித்தாள். உள்ளே ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அந்தச் சூட்டோடு அவளே ஒரு புது முறையைச் சொன்னாள். வெளியிலிருந்து வரும் எந்தச் சரக்கும் நேரே உள்ளே போகக்கூடாது. கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையில் இறக்கி, பூட்டி, சாவி அவளிடம் இருக்க வேண்டும். ஸ்டோர்காரர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவது. மேனேஜர் சரி என்றார். ஸ்டோர்காரருக்கு வெயிலில் நடப்பதென்றால் வேப்பங்காய். "நாளைக்கு வர்றேன்" என்பார். நாளைக்கும் அதையே சொல்வார். டிரம்கள் நாட்கணக்கில் கொட்டகையிலேயே கிடந்து அப்புறம்தான் உள்ளே போகும். கிடந்தால் என்ன, பத்திரமாகத்தானே கிடக்கின்றன என்று அவள் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வாள்.

கோடை உச்சிக்கு வந்தபோது சாராயம் குறைந்தது.

மேனேஜர் அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். ஏசி அறையிலும் அவருக்கு வேர்த்திருந்தது. "சோளம் அதே அளவுதான் போகுது. சாராயம் மட்டும் குறைச்சலா வருது. நடுவுல யாரோ உறிஞ்சுறாங்க. லேப்ல கேட்டா குக்கர்ல தப்புங்கறாங்க. குக்கர்ல கேட்டா லேப்ல தப்புங்கறாங்க. எனக்கு யார்மேலயும் நம்பிக்கை இல்ல. உங்க மேல மட்டும்தான் இருக்கு."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, இந்த ஆள் ஏன் திடீரென்று இவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுகிறார் என்றும் தோன்றியது.

அவள் பார்வை முதலில் போய் நின்றது கஞ்சி அண்ணன் மேல். கஞ்சி வேக வைக்கும் கலனைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். ஒல்லி உடம்பு, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல மௌனம். தினமும் கிராம்பு மெல்வார். ஊதினால் கிராம்பைத் தவிர ஒரு வாடையும் வராது.

"தினம் கிராம்பு எதுக்குண்ணே?"

"பல்வலி."

"எந்தப் பல்லு?"

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு இடது கன்னத்தைத் தொட்டார். எந்தப் பல் வலிக்கிறது என்று யோசித்துச் சொல்கிறவனுக்குப் பல்வலியே கிடையாது என்று அவள் முடிவு கட்டினாள். கொஞ்ச நாளாக அவர் புதிதாக ஒரு பெரிய பிளாஸ்க் வேறு கொண்டுவந்துகொண்டிருந்தார். காலையில் லேசாக ஆட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்க், மாலையில் தோளை இறக்கிக்கொண்டு போயிற்று. வீட்டுக்குப் போகிறவனுக்குப் பிளாஸ்க் ஏன் கனக்கிறது?

மறுநாள் மாலை, "பிளாஸ்கைத் தொறங்க" என்றாள்.

அவர் திறக்கவில்லை. வரிசை நின்றது. பின்னால் வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளே வாங்கித் திறந்தாள். உள்ளே சாராயம் இல்லை. மங்கிய மஞ்சளில், கோந்துபோல இழுபடும் கஞ்சி.

"எதுக்கு இது?"

"வேணும்."

"வேணும்னா? வீட்டுல சோறு ஆக்கலயா?"

யாரோ சிரித்தார்கள். கஞ்சி அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல், "சொல்ல முடியாது" என்றார். அந்த வார்த்தை போதும். ஆலைப் பொருளை வெளியே கடத்தினார் என்று அவரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். காஜா எடுத்துக்கொண்டிருந்த கணவர் ஊசியை நிறுத்தினார். "கஞ்சியை வெளிய வித்தா என்ன கெடைக்கும்?"

"அதான் புரியல. புரியாத திருட்டுதான் பெரிய திருட்டு."

"இல்ல, திருட்டே இல்லாததாலகூட புரியாம இருக்கலாம்" என்றார் அவர். இவர் எப்போதிலிருந்து கஞ்சி அண்ணனுக்குப் பரிந்து பேசுகிறார் என்று அவள் மனதில் ஒரு முடிச்சு விழுந்தது.

கஞ்சி அண்ணன் போன பிறகும் சாராயம் ஏறவில்லை. இன்னும் இறங்கியது. அப்படியானால் அவர் தனியாள் இல்லை, உள்ளே கூட்டாளி இருக்க வேண்டும். லேப் பெண்ணாகத்தான் இருக்கும். படித்துவிட்டு வேலைக்கு வந்து அதிக காலமாகவில்லை. எப்போதும் கையுறை போட்டுக்கொண்டே திரிவாள். கைரேகை படாமல் இருக்கத்தானே திருடனும் கையுறை போடுகிறான்? தீயணைக்கும் உருளையில் தேதி பார்க்கிற சாக்கில் கேட் அக்கா லேபுக்குள் போய் நின்றுகொண்டாள்.

லேப் பெண் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் சொட்டுச் சொட்டாக எதையோ விட்டுக்கொண்டிருந்தாள்.

"அது என்னம்மா?"

"புளிச்சு முடிஞ்ச கஞ்சிக்கா. டேங்கிலேர்ந்து எடுத்தது. இப்ப பாருங்க." இன்னொரு புட்டியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு விட்டாள். "இது அயோடின். அடிபட்டா போடுவாங்களே, அதுதான்."

சொட்டு விழுந்த இடம் மை கொட்டியதுபோல் கருநீலமானது.

"நீலமா மாறினா இன்னும் மாவு பாக்கி இருக்குன்னு அர்த்தம். எல்லாம் சர்க்கரையா மாறியிருந்தா இப்படி நீலம் வராது. மாவுங்கறது சர்க்கரை மணியைக் கோத்த நீளமான மாலை மாதிரிக்கா. ஈஸ்ட்டுக்கு மாலையைத் திங்கத் தெரியாது, உதிரி மணியைத்தான் திங்கும். மாலையை அறுத்து உதிர்க்கறதுதான் என்சைமோட வேலை. அது சரியா அறுக்கல."

அவளுக்கு மெல்ல விளங்கியது. "அப்ப சாராயம் திருடு போகல?"

"திருடு போறதுக்கு முதல்ல சாராயம் ஆகியிருக்கணுமேக்கா. அது இன்னும் மாவாவே கெடக்கு. மேனேஜர்கிட்ட சொன்னேன். பழைய ஆளு சரியா வேக வைக்காம கெடுத்துட்டுப் போயிருப்பான்னுட்டார். ஆனா புது ஆளு வந்தும் அப்படியேதான் இருக்கு. என்சைம்லதான் வீரியம் இல்ல. அனுப்பின கம்பெனியில கேட்டா, நாங்க முழு வீரியத்தோடதான் அனுப்பினோம்னு சத்தியம் பண்றாங்க."

வீரியம் இல்லை. அந்தச் சொல் அவளுக்குள் போய் அப்பாவின் பால் கேனில் விழுந்தது. முழுதாகக் கிளம்பியது பாதியாக வந்து சேர்கிறதென்றால் வழியில் யாரோ தண்ணீர் கலக்கிறான். வழியில் இருப்பது யார்? வண்டிக்காரன்!

அடுத்த முறை மருந்து வண்டி வந்தபோது அவள் தயாராக இருந்தாள். குளிர்பெட்டி பொருத்திய சின்ன வண்டி. டிரைவர் இறங்குவதற்குள் வழியை மறித்துக்கொண்டாள்.

"எங்கயெல்லாம் நிறுத்தின? டீ குடிக்க எவ்வளவு நேரம்? தண்ணி பிடிச்சியா?"

"ரேடியேட்டருக்குப் பிடிச்சேன்."

"ரேடியேட்டருக்கா, டிரம்முக்கா?"

டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யம்மா, சீல் உடைஞ்சிருக்கான்னு பாரு. பெட்டிக்குள்ள கையை விட்டுப் பாரு, ஜில்லுன்னு இருக்கா இல்லையா? வழியெல்லாம் பச்சைக் குழந்தை மாதிரி கொண்டாந்து குடுக்கறேன். நீங்க அதை வாங்கி தகரக் கொட்டகையில போட்டு அவிக்கிறீங்க. போன தடவை எறக்கினது இன்னும் அங்கயே கெடக்கு பாரு. கெட்டுப் போகாம என்ன செய்யும்? பாலை வெயில்ல வெச்சா நிக்குமா?"

தப்பிக்கப் பேசுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பேச்சை மாற்றுகிறவன் எப்போதும் எதிராளியின் வாசலைத்தான் காட்டுவான். இருந்தாலும் கொட்டகைப் பூட்டைத் திறந்தாள். அனல் முகத்தில் அறைந்தது. டிரம்மில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். டிரம்மின் பக்கவாட்டில் ஒரு படம் ஒட்டியிருந்தது: சூரியன், அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அந்தப் படத்தை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். கம்பெனியின் முத்திரை என்று நினைத்திருந்தாள்.

அப்போதும் அவள் நம்பிவிடவில்லை. யார் சொன்னாலும் நம்பாதவள், சூரியன் படம் சொன்னால் நம்பிவிடுவாளா? கொட்டகை டிரம்மிலிருந்து ஒரு புட்டி, வண்டியிலிருந்து இறங்கிய டிரம்மிலிருந்து ஒரு புட்டி எடுத்தாள். எது எது என்று சொல்லாமல் லேப் பெண்ணிடம் கொடுத்தாள். சொன்னால் இவள் வேண்டுமென்றே மாற்றிக் காட்டுவாளோ என்ற பயம்.

லேப் பெண் இரண்டு கண்ணாடிக் குவளையில் ஒரே மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தை விட்டு வெந்நீர்த் தொட்டியில் வைத்தாள். கேட் அக்கா ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணெடுக்கவில்லை. ஒரு குவளையில் கஞ்சி தளர்ந்து, இளகி, ரசம்போல ஓடத் தொடங்கியது. மற்றது கரண்டியை நிறுத்தினால் நிற்கும்போல அப்படியே இருந்தது. அயோடின் விட்டார்கள். தண்ணீரானது வெறும் பழுப்பாக நின்றது. கெட்டியாக இருந்தது கருநீலமானது.

"இந்த நீலம் எந்த டிரம்முக்கா?" என்றாள் லேப் பெண்.

அவள் ஸ்டூலைவிட்டு எழுந்தாள். ஜன்னல் வழியாகத் தகரக் கொட்டகையைக் கை காட்டினாள்.

லேப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. கையுறையைக் கழற்றினாள். "நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேணாம்க்கா. சூட்டுக் கஞ்சியில கொஞ்ச நேரம் தாங்கற மருந்துதான், ஆனா நாள்கணக்கா வெயில்ல கெடந்தா தாங்காது. இனிமே டிரம்மை நேரா குளிர் ரூமுக்கு அனுப்பிடுங்க. வர்ற வழியில சூடாயிருக்கும்னு நான் எழுதிக்கறேன்."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அப்படி எழுதினால் டிரைவரின் பிழைப்பில் மண் விழும். கஞ்சி அண்ணனும் வெளியே நின்றது நின்றதுதான். அதோடு இன்னொன்றும் அவளை உறுத்தியது. இன்று எனக்காகப் பொய் எழுதுகிறவள், நாளைக்கு எனக்கு எதிராக எழுத எவ்வளவு நேரமாகும்?

மேனேஜர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொட்டகையில் போடச் சொன்னது தான்தான், சாவி தன்னிடம்தான் இருந்தது, மருந்து அங்கேதான் கெட்டது, கஞ்சி அண்ணன் வேலையில் தப்பில்லை.

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்தக் கஞ்சிக்காரன் உங்களுக்கு என்ன குடுத்தான்?"

எத்தனையோ பேரிடம் அவள் கேட்ட கேள்விதான் அது. கேட்கும்போது இவ்வளவு கூராக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

"ஒண்ணும் குடுக்கல சார்."

"ஒண்ணும் குடுக்காம எவளாவது தன் தலையில தானே மண்ணைப் போட்டுக்குவாளா?"

மறுநாள் கேட்டில் அவளுக்கு மேலே ஒரு புதுக் காவலாளியைப் போட்டிருந்தார்கள். மாலையில் அவள் பையையும் திறக்கச் சொன்னார்கள். திறந்தாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, பாதி தீர்ந்த தலைவலித் தைலம். வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். புதுக் காவலாளி பையைத் திருப்பிக் கொடுத்தபோது, "உள்ஜிப்பைப் பாக்காம விட்டுட்டீங்களே" என்றாள். அவமானத்தைவிட அந்த அரைகுறை வேலைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் அவள் கஞ்சி அண்ணன் வீட்டைத் தேடிப் போனாள். கதவைத் திறந்த அவர் மனைவி, அவள் யாரென்று தெரிந்ததும் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கஞ்சி அண்ணன் பின்னால் வந்து நின்றார். உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை.

"மருந்தைக் கெடுத்தது நான்தாண்ணே. உங்க கஞ்சியில ஒரு தப்பும் இல்ல" என்று வாசலிலேயே நின்று சொன்னாள்.

"இதுல என்ன உள்குத்து?"

"உள்குத்து ஒண்ணும் இல்ல."

"மேனேஜர் அனுப்பினாரா?"

"அவருக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல."

அவர் கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "கஞ்சி சரியா இளகல. யாரோ மருந்துல தண்ணி கலக்கறாங்கன்னு நெனச்சேன். காலேஜ் லேப்ல வேலை பாக்கற மச்சான்கிட்ட குடுத்து சோதிக்கத்தான் பிளாஸ்க்ல எடுத்துட்டுப் போனேன்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே!"

"யாருகிட்ட சொல்றது? ஸ்டோர்காரனா, லேப்காரியா, மேனேஜரா? யாரு கூட்டுன்னு எனக்கெப்படித் தெரியும்? கொட்டகைச் சாவி வேற உங்ககிட்ட. நான் முதல்ல உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்."

கோபப்படலாம் என்று வாயைத் திறந்தவளுக்குக் கோபம் வரவில்லை. தானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்போம் என்று தோன்றியது. "சரியாத்தான் சந்தேகப்பட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். பின்னால் கதவு சாத்தி, தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் சொன்னதை நம்பாத மேனேஜர், புதிதாக வந்த டிரம்களை மட்டும் ஓசைப்படாமல் குளிர் அறைக்கு அனுப்பியிருந்தார். அடுத்து வந்த கஞ்சியெல்லாம் ஒழுங்காக இளகியது. சாராயம் பழைய அளவுக்கு ஏறியது. சரக்கைக் குளிரில் வைக்கும் முறையைத் தானே கண்டுபிடித்ததாக ஆலை முதலாளியிடம் சொல்லி மேனேஜர் நல்ல பெயர் வாங்கிக்கொண்டார். லேப் பெண் மட்டும் டிரைவரின் மேல் பழி போடாமல், நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தாள். கேட் அக்காவுக்கு எச்சரிக்கை வந்தது, வேலை போகவில்லை. கஞ்சி அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அவர் வந்த முதல் நாள் காலையில் கேட்டில் அவளைப் பார்த்து நின்றார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் கணக்குத் தீர்ந்துவிடும் என்றுகூட எதிர்பார்த்தாள். அவர் சிரித்தார். "நல்லா இருக்கீங்களா? வீட்டுல அண்ணன் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும்.

அன்று இரவு அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

"என்ன யோசனை?" என்றார் கணவர்.

"அந்தாளு தினம் சிரிக்கறாருங்க."

"சிரிச்சா என்ன? மனுஷன் மறந்திருப்பான்."

"வேலை போயி, ஊர் சிரிச்சு, பொண்டாட்டி முன்னால தலைகுனிஞ்சவரு அவ்வளவு சுலபமா மறந்துடுவாரா?"

"மன்னிச்சிருப்பார்."

அவள் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. உடைந்ததாகத் தெரியவில்லை.

"இருக்கலாம்" என்றாள் கடைசியில். "ஆனா இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்."